பலகையில் அவன் பெயர்

எனக்குப் பொறாமை வந்தது என்று எழுதினால் அது பூசி மெழுகுவது. வயிறு எரிந்தது. காலை டீ நேரத்தில் கையில் பாதிப் பரோட்டாவோடு நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செய்தியைக் கேட்டேன், அந்தப் பாதியை அப்படியே காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். எனக்குக் கீழே ஒன்பது வருஷமாக ஹெல்பராக இருக்கிறவனுக்கு அவன் நாட்டு அரசாங்கம் சொந்தமாக வொர்க்ஷாப் போட்டுக் கொடுக்கப் போகிறதாம்.

"அண்ணே, முதல் சுத்துல தேறிட்டேன்" என்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

அவன் தென்னாப்பிரிக்காக்காரன். நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷும் இந்தியும் கலந்த வொர்க்ஷாப் பாஷை. இங்கே அதைத் தமிழாக்கி எழுதுகிறேன். 'அண்ணே' மட்டும் அவனே சொன்னது. வொர்க்ஷாப்பில் இருக்கிற ராமநாதபுரத்து ஆட்கள் கேலிக்குக் கற்றுக்கொடுத்தது, அப்படியே அவன் வாயில் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் இருப்பது வளைகுடாவில், ருவைஸில், சுத்திகரிப்பு ஆலைக்கு வெளியே இருக்கிற தொழிற்பேட்டையில். எங்கள் வொர்க்ஷாப்பில் ஒரே வேலைதான், சேஃப்டி வால்வ். பிரஷர் குக்கர் தலையில் விசில் இருக்கிறதே, அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அழுத்தம் எல்லை மீறினால் இது திறந்துகொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும். திறக்கவில்லை என்றால் ஊர் போய்விடும். ஆலையை ஷட்டவுன் பண்ணும் மாதங்களில் லாரி லாரியாக வால்வ் வந்து இறங்கும். நாங்கள் பிரித்து, கழுவி, தேய்த்து, ஸ்பிரிங்கைச் சரிசெய்து, டெஸ்ட் போட்டு, சீல் வைத்து, சர்ட்டிபிகேட் எழுதித் திருப்பி அனுப்புவோம்.

இதில் உயிர்நாடி தேய்ப்புதான். வால்வுக்குள்ளே இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அவற்றைத் தேய்ப்புப் பசை தடவிய தட்டில் வைத்து, எட்டு என்ற எண் மாதிரி வளைத்து வளைத்துத் தேய்த்து, காற்றுகூடப் புகாதபடி மட்டமாக்க வேண்டும். பிறகு உள்ளே காற்றை ஏற்றி, ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்போம். குமிழி வந்தால் வேலை தோற்றது. அவன் தேய்த்த வால்வில் குமிழி வராது. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிகிறது, ஆனால் வராது.

அவன் முதலில் எங்கள் கேட்டில் வாட்ச்மேனாக வந்தவன். சாப்பாட்டு நேரத்தில் சும்மா வந்து தேய்ப்புத் தட்டுப் பக்கம் நிற்பான். ஒரு ஷட்டவுனில் ஆள் போதாமல் நான்தான் அவன் கையில் ஒரு வட்டைக் கொடுத்து, "இந்தா, எட்டுப் போடு" என்றேன். ஒரு வருஷத்துக்குள் எங்களில் யாரும் அவன் அளவுக்கு இல்லை என்றாகிவிட்டது. மேனேஜர் அவனை உள்ளே எடுத்துக்கொண்டார். கம்பெனி கையில் ஹெல்பர் விசாதான் இருந்தது, அதையே அடித்துக் கொடுத்தார்கள். இங்கே அப்படித்தான். நானே முதலில் இந்தப் பக்கம் வந்தது சத்வாவில் ஒரு தையல்கடை விசாவில். பாஸ்போர்ட்டில் நான் டெய்லர். சட்டைப் பித்தானை இன்றுவரை என் மனைவிதான் தைத்துத் தருகிறாள்.

இன்னொரு வழக்கமும் சொல்லிவிட வேண்டும், இந்தக் கதையே அதில்தான் கிடக்கிறது. சர்ட்டிபிகேட்டின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று டெஸ்ட் செய்தவர், இன்னொன்று சரிபார்த்தவர். கையெழுத்துப் போட ஆலைக்காரர்கள் கொடுத்த அனுமதி அட்டை வேண்டும். அது எங்களில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் சூப்பர்வைசர். எனவே இரண்டு கட்டத்திலும் நானே போட்டுவிடுவேன். வால்வை யார் தொட்டாலும் காகிதத்தில் தொட்டது நான். ஒன்பது வருஷத்து ஃபைல்களைப் புரட்டினால் அந்த வொர்க்ஷாப்பில் நான் ஒற்றை ஆளாக வேலை பார்த்ததாகத்தான் தெரியும்.

சரி, டீ நேரத்துக்கு வருகிறேன். அவன் விளக்கமாகச் சொன்னான். அவன் ஊரில் துறைமுகத்தை ஒட்டி அரசாங்கம் ஒரு தொழில் மண்டலம் கட்டியிருக்கிறது. அதில் கொஞ்சம் தொழிற்கூடங்களைக் கறுப்பர்கள் சொந்தமாக நடத்தும் சிறு தொழில்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் வருஷங்களில் வாடகை பேருக்குத்தான். வால்வைச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச் வாங்கப் பணம் தருவார்கள். மண்டலத்தில் இருக்கிற பெரிய ஆலைகள் இப்படிப்பட்டவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்று விதி வேறு.

"அப்போ கறுப்பா இருந்தா போதுமா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். என் முழங்கையை அவன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. "எனக்கும் ஒரு ஷெட் கேட்டுப் பாரு."

அவனும் சிரித்தான். "அண்ணே, எங்க நாட்டுச் சட்டத்துல இந்தியாலேருந்து கரும்பு வெட்ட வந்தவங்களோட பிள்ளைங்களும் கறுப்புக் கணக்குலதான் வருவாங்க. அவங்களுக்கும் உண்டு. ஆனா அந்த நாட்டுக்காரங்களா இருக்கணும்."

அடப்பாவி! என் கொள்ளுத்தாத்தா கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் இன்று நானும் கணக்கில் வந்திருப்பேன். அன்று முழுக்க இதையே நினைத்துச் செத்துப்போன மனுஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் இத்தனை எரிச்சல் என்றால், சொந்தமாக ஒரு வால்வ் ஷாப் என்பது என் ஆசை. அவனுக்கு அந்த எண்ணம் வருவதற்கு முன்னாலேயே வந்த ஆசை. லீவில் நாகர்கோவில் போகும்போதெல்லாம் தொழிற்பேட்டை ஆபீசுக்கு நடந்தேன். "ஃபைல் மேல போயிருக்கு" என்பார்கள். ஒவ்வொரு லீவிலும் அது மேலேயே இருந்தது, இறங்கவில்லை. இங்கே வைக்கலாம் என்றால் கஃபீல் வேண்டும், அதாவது லைசென்ஸுக்குத் தன் பெயரைக் கொடுக்கிற உள்ளூர் அரபி. இப்போது சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு அந்த மாற்றம் வந்து சேர்வதற்குள் எனக்குப் பல் இருக்காது.

எங்கள் வொர்க்ஷாப் வாசலிலும் ஒரு பலகை உண்டு. அதில் கஃபீலின் பெயர். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் வருவார், ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுப்பார், எல்லாம் நலமா என்று கேட்பார், போய்விடுவார். எந்த வால்வ் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. வளைகுடாவில் இத்தனை காலம் இருந்தவனுக்கு இது விசித்திரமே இல்லை. பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. சம்பளம் தேதிக்கு வந்தால் கலாஸ், பேச்சு முடிந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டி முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காரியம்லா! எத்தற வருசமா அந்த மனுசன் கெடந்து பாடுபடுது. கர்த்தரு கண்ணத் தொறந்தாரு" என்றாள்.

"கர்த்தரு தொறக்கல. கவர்மெண்ட் தொறந்திருக்கு. சலுகை."

"கெடைக்கட்டும். ஒங்களுக்கு என்ன நட்டம்?"

நஷ்டம் ஒன்றும் இல்லை. அதுதானே பொறாமையின் லட்சணம். எங்கள் ஊரிலும் அரசாங்கம் சிலருக்கு இப்படித் தனியாகக் கொடுப்பதுண்டு. என்னோடு ஐ.டி.ஐ.யில் படித்த ஒருவன் அப்படிக் கடன் வாங்கி லேத் போட்டான். தினமும் எட்டுக்குக் கடை திறந்து, இருபது வருஷத்தில் மூன்று லேத் ஆக்கினான். அத்தனையையும் 'சலுகையில வந்தவன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், நானும் என் அண்ணனும். அந்தச் சொல்லை நான் விமானத்தில் ஏற்றி ருவைஸ் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் என்ன, எரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் அவன் ஒரு உதவி கேட்டான். இரண்டாம் சுற்றுக்கு அனுபவக் கடிதம் வேண்டும். விசாவில் ஹெல்பர், சர்ட்டிபிகேட்டில் பெயரே இல்லை. இந்த வேலையெல்லாம் அவன் செய்ததுதான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

"அது ஒரு பெரிய விஷயமா, எழுதித் தர்றேன்" என்றேன்.

எழுதவில்லை. முதலில் லெட்டர்ஹெட் தீர்ந்துவிட்டது என்றேன். பிறகு மேனேஜர் லீவில் இருக்கிறார் என்றேன். பிறகு பிரிண்டர் மேல் பழியைப் போட்டேன். அவன் ஒவ்வொரு முறையும் "பரவாயில்ல அண்ணே" என்று போய் பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டான். ஒருமுறையாவது அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் செய்து முடித்த வால்வுகளுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி நாள் மத்தியானம் உட்கார்ந்து டைப் அடித்தேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. பாம்பும் சாகக்கூடாது, கம்பும் முறியக்கூடாது. கூடம் அவன் பெயரில் கிடைக்கட்டும். பலகையில் அவன் பெயர் இருக்கட்டும். பின்னால் நான் இருக்கிறேன். ஒரு வருஷத்தில் இங்கே கணக்கை முடித்துக்கொண்டு அங்கே போனால் ஷாப் எனக்கு வந்த மாதிரிதானே? கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இங்கே கூரையையே கொடுக்கிறது, கொஞ்சம் பக்கத்து வீட்டில். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இங்கே பெட்டிக்கடையிலிருந்து பெரிய கான்ட்ராக்ட் கம்பெனி வரைக்கும் இப்படித்தானே ஓடுகிறது?

கடிதத்தில் எழுதியது இது. 'என் பொறுப்பில் நடந்த வால்வ் வேலைகளில் இவர் எனக்கு உதவியாக இருந்தார். இவர் தொடங்கும் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதையும் பின்னிருந்து நானே கவனித்துக்கொள்வேன்.'

உதவியாக இருந்தார். அந்த வார்த்தையை அடிக்கும்போது விரல் கொஞ்சம் நின்றது, பொய் சொல்லவில்லை. விசாவிலும் அதுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடித்தேன்.

அவன் வாங்கி இரண்டு தடவை படித்தான். "அண்ணே, இந்தக் கடைசி வரி வேணுமா?"

"இருக்கட்டும்யா. வெயிட்டா இருக்கும். அனுபவசாலி ஒருத்தன் பின்னாடி இருக்கான்னு தெரியட்டும்."

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அவன் ஊர் ஆபீஸ் மூட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. திருத்தி எழுத நேரம் இல்லை, மேனேஜர் முத்திரையும் விழுந்துவிட்டது. ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான். 'தேங்க்யூ அண்ணே' என்றான். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. அன்று அவன் டீக்கு வரவில்லை. நான் என் கண்ணாடி அறையில் இருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து போனை மேசைமேல் வைத்தான்.

"படிங்க."

படித்தேன். விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. கடிதம் எழுதிய இந்தியர் யார்? நிறுவனம் உண்மையில் யாருடையது? விண்ணப்பதாரர் வேறொருவருக்காகத் தன் பெயரைக் கொடுக்கிறாரா? ஒரு வாரத்தில் வீடியோவில் நேர்காணல், கடிதம் எழுதியவரும் வர வேண்டும்.

"இதுல என்ன தப்பு?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

அவன் நின்றுகொண்டே சொன்னான். "எங்க ஊர்ல காசு உள்ளவன் என்ன பண்ணுவான் தெரியுமா? தோட்டக்காரனை, டிரைவரைக் கூப்பிட்டுக் காகிதத்துல முதலாளின்னு எழுதுவான். சலுகையை வாங்கிப்பான். டிரைவர் டிரைவராவே இருப்பான். அதுக்கு எங்க நாட்டுல பேரு குற்றம். ஜெயில். அவங்க தேடிப் பிடிக்கிறதே அதைத்தான். நீங்க அதைக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? இங்கெல்லாம் இதானே வழக்கம்."

"என் அப்பா பம்பு மெக்கானிக், அண்ணே. அந்தத் துறைமுக ஊர்ல அப்போ எங்க ஆளுங்க பட்டறை வைக்கக்கூடாது. பட்டறை வெள்ளைக்காரன் பேர்ல. அப்பா சரிபண்ண பம்புக்கெல்லாம் அவன் பேர்ல பில் போகும். இதுக்காகத்தான் அந்த ஷெட்டையே கட்டியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நான் இன்னும் கேட்ல நிக்கிறவன்னுதான் நீங்க நெனைக்கிறீங்களா?"

அவன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தேய்ப்புத் தட்டின் முன்னால் நின்று எட்டுப் போட்டுக்கொண்டிருந்தான், அதே நிதானம். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்திலும் இவனுக்கென்ன இத்தனை ரோஷம் என்று ஒரு கோபம் கலந்திருந்தது.

வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் போனேன். ஆனால் அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டில் மீன்கறி சாப்பிடுகிறவன். காரணம் கேட்டுக் கேட்டு மனைவி என் வாயைப் பிடுங்கினாள். லேப்டாப்பைத் திறந்து கடிதத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

"இது நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"உதவியா இருந்தாராக்கும்! போன பெரிய ஷட்டவுன்ல ஒங்களுக்கு முதுகு பிடிச்சு இருபது நாளு இந்தக் கட்டில்ல கெடந்து கையெழுத்து மட்டும் போட்டியளே, அப்ப அங்க அந்த மனுசன் யாருக்கு உதவியா இருந்தாரு?"

நான் லேப்டாப்பை மூடப் போனேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒங்களுக்கு ஷாப்பெல்லாம் வேண்டாம். ஒங்களுக்கு கஃபீலாவணும், அவ்வளவுதான்" என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

நேர்காணல் அன்று ஸ்டோர் ரூமில் ஒரு பெயிண்ட் டின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அன்று காலையிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் மூன்று பேர். நடுவில் ஒரு அம்மா, நரைத்த முடி, ஒட்ட வெட்டியிருந்தாள். கேள்வியெல்லாம் அவள்தான் கேட்டாள்.

முதலில் அவனிடம் அரை மணி நேரம். ஸ்பிரிங்கைப் பற்றி, பசையைப் பற்றி, ஆவி வால்வுக்கும் எண்ணெய் வால்வுக்கும் என்ன வித்தியாசம் என்று. நிறுத்தாமல் பதில் சொன்னான். இரண்டு பதில்கள் எனக்கே புதிது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்கள் கடிதத்தில் தொழில்நுட்பப் பொறுப்பு உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். இவருக்கு அந்த வேலை தெரியாதா?"

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 'கொஞ்சம் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கூடம் போய்விடும். அவன் இங்கேயே இருப்பான், வால்வில் குமிழி வராது, எல்லாம் பழையபடி நடக்கும். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் அவன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

"தெரியும் மேடம். எல்லாமே தெரியும்" என்றேன்.

"சர்ட்டிபிகேட்டுகளில் இருப்பது உங்கள் கையெழுத்து."

"கையெழுத்துப் போடும் அட்டை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. வேலையைச் செய்தவர் இவர்."

"எத்தனை வால்வுகள்?"

"இவர் வந்த பிறகு கஷ்டமானவை எல்லாம் இவர்தான். கணக்கு வைக்கவில்லை."

அவள் குனிந்து ஏதோ எழுதினாள். எழுதிக்கொண்டே, குத்திக்காட்டும் எண்ணம் துளியும் இல்லாமல், ஒரு விவரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்படியானால் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?"

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். ஆலைக்காரர்களோடு பேசினேன், ஆட்களுக்கு லீவு போட்டுக் கொடுத்தேன், தேதி தவறாமல் பார்த்துக்கொண்டேன், எல்லாம் உண்மை. ஆனால் கடைசியாக ஒரு வால்வை என் கையால் தேய்த்தது எப்போது என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

"கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். "கடைசிக் கேள்வி. இந்தத் தொழிலில் உங்களுக்கு ஏதாவது பங்கு இருக்கிறதா? இனிமேல் இருக்குமா?"

"இல்லை மேடம்."

"எந்த வகையிலும்?"

"எந்த வகையிலும் இல்லை."

எத்தனையோ லீவுகளில் தொழிற்பேட்டை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் ஆசையை நானே என் வாயால் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி சொல்லிப் போனை அணைத்தான். "வாங்க அண்ணே, பெஞ்சுல பிரஷர் ஏத்தி வச்சிட்டு வந்திருக்கேன்" என்று எழுந்தான்.

அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தான். மனைவி ஒரு துண்டு மீனை அதிகமாகவே வைத்தாள், எனக்கு இரண்டு துண்டு குறைவு. அதற்கும் எரிச்சல் வந்தது.

கூடம் கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து அவன் தம்பி படம் அனுப்பியிருந்தான். நீலக் கூரை, உயரமான கதவு, உள்ளே சிமென்ட் தரை, ஒரு தூண்கூட நடுவில் இல்லை. வாசலில் பலகை மாட்டியாகிவிட்டது. அதில் அவன் முழுப்பெயர். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "கொள்ளாம்" என்றேன், எங்கள் ஊரில் 'பரவாயில்லை' என்பது போல. அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாளும் வேலை பார்த்தான். நாளைக்கு விமானம், இன்றைக்கு டூட்டி எதற்கு, போய்ப் பெட்டி கட்டு என்றால் கேட்கவில்லை. ஒரு பெரிய ஆவி வால்வ், ஆலையிலிருந்து அவசரம் என்று வந்தது. தேய்த்தான், பூட்டினான், பெஞ்சில் ஏற்றினான். நான் பக்கத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிகூட இல்லை. சீல் வைத்துவிட்டு வழக்கம்போல் சர்ட்டிபிகேட்டை என்னிடம் நீட்டினான்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பேனாவை அவன் பக்கம் நீட்டினேன். "இன்னைக்கு டெஸ்ட் செஞ்சவர் கட்டத்துல நீ போடு."

அவன் பேனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்தான். கேலி இல்லை, நல்ல சிரிப்புதான்.

"ஆலையில திருப்பி அனுப்பிடுவாங்க, அண்ணே. அட்டை இல்லாத கையெழுத்து."

"போனாப் போவுது. ஒண்ணே ஒண்ணு. போடு."

"வேண்டாம்" என்று பேனாவை என் கைக்குள்ளேயே வைத்து மூடினான். "எனக்கு இனிமே இது தேவை இல்ல. நீங்க போடுங்க. அது உங்க வேலை."

முதல் கட்டத்தில் போட்டேன். இரண்டாவது கட்டத்திலும் போட்டேன். அவன் காகிதத்தை வாங்கி வால்வோடு கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டு, கை கழுவப் போனான்.